கூட உட்கார வைத்தால் போதுமா? ஆட்டிசம் உள்ள மாணவர்கள், பழகும் திறன், பள்ளிக்கூடம்: ஓர் எளிய விளக்கம்

"நாலு பிள்ளைங்களோட சேர்த்து விடுங்க, தானா பழகிக்குவான்." ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களில் இதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், சில சமயம் டாக்டரே சொல்லிவிடுவார். இன்னொரு பக்கம் 'சோசியல் ஸ்கில்ஸ் டிரெயினிங்' என்று மணிக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி, கண்ணைப் பார்த்து 'ஹலோ' சொல்லப் பழக்குகிறார்கள். பள்ளி வாசலில் 'உள்ளடக்கிய கல்வி' என்று பலகை தொங்கும், உள்ளே கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை வருஷம் முழுக்க யாருடனும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

இந்த மூன்றும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து வருகின்றன. பழகுவது என்பது அந்த ஒரு பிள்ளைக்குள் இருக்க வேண்டிய சரக்கு, அவனிடம் அது குறைவு, சேர்த்து விட்டோ பயிற்சி கொடுத்தோ அதை நிரப்பிவிடலாம் என்பதுதான் அந்த எண்ணம். ஆனால் பழக்கம் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் அல்லவா? அந்த இரண்டாவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இந்தக் கட்டுரையில் அதைத்தான் பேசப்போகிறேன். ஆட்டிசம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

## முதலில், ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் இல்லை. ஒட்டிக்கொள்வதும் இல்லை, மருந்து கொடுத்தால் போய்விடுவதும் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வேறுபாடு அது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து அதை விரிவாக எழுதினார். அதற்கும் முன்பே, 1925-இல், சோவியத் நாட்டைச் சேர்ந்த குரூனியா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் வெகுகாலம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மா சரியாகக் கொஞ்சாததால் வந்தது, போன் கொடுத்ததால் வந்தது, தடுப்பூசியால் வந்தது என்பதெல்லாம் பொய். குறிப்பாகத் தடுப்பூசிக் கதை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையால் பரவியது, 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னும் வாட்ஸாப்பில் அது சுற்றுவது வேதனையான விஷயம். அதை நம்பி ஊசி போடாமல் விட்டால் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

மருத்துவர்கள் இன்று இரண்டு விஷயங்களைப் பார்த்து ஆட்டிசம் என்று முடிவு செய்கிறார்கள். ஒன்று, மற்றவர்களோடு பேசுவதிலும் பழகுவதிலும் இருக்கும் வேறுபாடு. இரண்டு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், ஒரே விஷயத்தில் ஆழமான ஈடுபாடு, மாற்றம் வந்தால் பதற்றம், சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆகியவை. இவை ஒவ்வொரு பிள்ளையிடமும் வேறு வேறு அளவில், வேறு வேறு கலவையில் இருப்பதால் 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்கிறார்கள். 'லேசான ஆட்டிசம்', 'கடுமையான ஆட்டிசம்' என்று ஒரே கோட்டில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைக்க முடியாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி, ரயில் எண்களை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பள்ளி மணியின் சத்தம் தாங்கவே முடியாமல் இருக்கலாம். ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை, வகுப்பில் நடப்பதை எல்லாம் புரிந்துகொண்டு டேப்லெட்டில் பதில் தட்டலாம்.

சுருக்கமாக: ஆட்டிசம் பிறவி வேறுபாடு, யாருடைய தவறும் இல்லை, ஒரு பிள்ளையைப் பார்த்ததை வைத்து இன்னொரு பிள்ளையைக் கணிக்க முடியாது.

## எழுதாத விதிகள்

பழக்கமே இல்லாத ஓர் ஊரில், உங்களுக்குத் தெரியாத ஒரு சமூகத்தாரின் கல்யாணத்துக்குப் போய் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று. எப்போது கை வைக்கலாம், பாயசத்தை இலையிலேயே ஊற்றினால் என்ன செய்வது, வேண்டாம் என்பதற்கு வாயால் சொல்ல வேண்டுமா கையை நீட்டினால் போதுமா, இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் முடிப்பதற்குள் எழுந்தால் தப்பா, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஒருவர் வந்து நிற்கிறாரே, அவருக்காகச் சீக்கிரம் எழ வேண்டுமா? இதில் ஒன்றையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எங்கும் எழுதியும் ஒட்டியிருக்க மாட்டார்கள். அங்கே உள்ள எல்லாருக்கும் அது தெரியும், தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது, அந்த அளவுக்கு ஊறிப்போனது. நீங்கள் ஒன்றைத் தவறாகச் செய்துவிட்டால் 'பாவம், இவருக்குப் பழக்கமில்லை' என்று நினைக்க மாட்டார்கள், 'மரியாதை தெரியாத ஆள்' என்றுதான் நினைப்பார்கள். மேளமும் ஜெனரேட்டரும் ஒரு பக்கம் காதைக் கிழிக்க, நீங்கள் ஒவ்வொருவரின் கையையும் பார்த்துப் பார்த்து, யோசித்து யோசித்துச் சாப்பிட்டு எழும்போது என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவிருக்காது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியின் இடைவேளை ஏறத்தாழ அப்படி. ஒரு வித்தியாசம், நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாளும் போக வேண்டும்.

## உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது வார்த்தை மட்டும் நடமாடுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகம், கை, யார் யாரைப் பார்க்கிறார்கள், நேற்று இவர்களுக்குள் என்ன சண்டை, இது கிண்டலா நிஜமா என்று ஏழெட்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பெரும்பாலான பிள்ளைகளின் மூளை இதையெல்லாம் யோசிக்காமலே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பலர் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. யோசிக்க நேரம் ஆகும். பதில் தயாராகும்போது பேச்சு கிரிக்கெட்டிலிருந்து பிறந்தநாளுக்குப் போயிருக்கும், அப்போது அந்தப் பிள்ளை கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை வாயைத் திறக்கவே தோன்றாது.

இதோடு புலன் சார்ந்த சுமையும் சேர்ந்துகொள்கிறது. மின்விசிறியின் 'கடக் கடக்', காலைப் பிரார்த்தனையில் மைக் போடும் 'கீச்', புதுச் சீருடையின் காலர் பட்டை, சாம்பார் வாசனை, பின்னால் வந்து தோளில் தட்டும் நண்பன் என்று நமக்குப் பின்னணியில் கரைந்துபோவதெல்லாம் அவர்களில் பலருக்கு முன்னணியிலேயே நிற்கும். அதனால்தான் சிலர் கையை உதறுவார்கள், முன்னும் பின்னும் ஆடுவார்கள், ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவார்கள். இதை 'ஸ்டிம்மிங்' என்கிறோம். உடலையும் மனத்தையும் நிதானப்படுத்திக்கொள்ளும் வழி அது, சில நேரம் வெறும் சந்தோஷத்திலும் வரும். தனக்கோ பிறருக்கோ அடிபடாத வரை அதை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

சுமை தாங்கும் அளவைத் தாண்டினால் 'மெல்ட்டவுன்' வரும். அழுகை, கத்தல், கீழே விழுந்து புரள்வது, சில பிள்ளைகளிடம் ஒரேயடியாக உறைந்துபோவது. வெளியிலிருந்து பார்க்க அடம் பிடிப்பது போலவே இருக்கும், ஆனால் அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மெல்ட்டவுனில் இருக்கும் பிள்ளையால் எதைக் கொடுத்தாலும் உடனே நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது குறைவாகப் பேசுவது, கூட்டத்தை விலக்குவது, சத்தத்தைக் குறைப்பது, காத்திருப்பது. புத்தி சொல்வதற்கு அது நேரம் இல்லை.

இன்னொன்று, 'எக்கோலாலியா'. கேட்ட சொல்லையோ விளம்பர வசனத்தையோ அப்படியே திருப்பிச் சொல்வது. "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டால் பிள்ளையும் "தண்ணி வேணுமா?" என்கிறது. கிளிப்பிள்ளை போலச் சொல்கிறது என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்கு அர்த்தம் உண்டு, இங்கே 'ஆமாம், வேணும்' என்பதுதான் பதில்.

## இரண்டாவது ஆள்

இங்கிருந்துதான் விஷயம் பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறாகத் திரும்புகிறது.

2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், ஒரு கேள்வியை எழுப்பினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களின் மனம் புரிவதில்லை என்கிறீர்கள், சரி, மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் புரிகிறதா? புரியவில்லை என்றால், அது இருவருக்கும் இடையில் உள்ள சிக்கல், ஏன் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுகிறீர்கள்? இதைத் தமிழில் 'இருவழிப் புரிதல் சிக்கல்' என்று சொல்லலாம்.

பேச்சாக மட்டும் இது நிற்கவில்லை. எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு சோதனை செய்து 2020-இல் வெளியிட்டார்கள். எட்டுப் பேர் கொண்ட சங்கிலி, முதல் ஆளிடம் ஒரு கதையைச் சொல்வார்கள், அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. சில சங்கிலிகளில் எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்கள், சிலவற்றில் யாருமே இல்லை, சிலவற்றில் கலந்து. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்களின் சங்கிலியில் போலவே நன்றாகக் கடந்துபோனது. கலந்த சங்கிலியில்தான் விவரங்கள் அதிகமாக உதிர்ந்தன. அதாவது ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தகவல் பரிமாறத் தெரியவில்லை என்பது உண்மையில்லை. வேறு விதமாகப் பேசும் இருவர் சந்திக்கும் இடத்தில்தான் தடுக்குகிறது.

2017-இல் நோவா சாசன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடி வீடியோவைப் பார்த்ததுமே, அவர்களுக்கு ஆட்டிசம் என்று தெரியாத நிலையிலும், பார்த்தவர்கள் 'இவரோடு பழக விருப்பமில்லை' என்ற பக்கம் சாய்ந்தார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை, சொன்ன விதம்தான் ஒதுக்கலுக்குக் காரணம்.

இதுவரை பார்த்தது: ஆட்டிசம் உள்ள பிள்ளை சமூக விதிகளை யோசித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மேல் புலன் சுமை, அதற்கும் மேல் சுற்றியிருப்பவர்களின் அவசர முடிவு. இந்த மூன்றில் பிள்ளையை மட்டும் பயிற்சி கொடுத்து மாற்றலாம் என்றால், மற்ற இரண்டையும் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

## அப்படியென்றால் பிள்ளைக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?

ஒன்றும் கற்றுத்தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கற்றுத்தருகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

கண்ணைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவதை முதலில் விடுங்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்பது பலருக்கு இரட்டைச் சுமை, கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்யாது என்று வளர்ந்த பிறகு அவர்களே சொல்கிறார்கள். நம் ஊரிலேயே பெரியவர்கள் திட்டும்போது கண்ணை உயர்த்திப் பார்த்தால் 'முறைக்கிறான்' என்போம். அப்புறம் எதற்கு இந்தப் பயிற்சி? தன்னை மறைத்து மற்றவர்களைப் போல நடிக்கப் பழகுவதற்கு 'மாஸ்கிங்' என்று பெயர். பள்ளியில் சமத்தாக இருந்துவிட்டு வீட்டு வாசல்படி ஏறியதும் வெடித்து அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டீச்சர் "இங்க ஒண்ணுமே பண்றதில்லையே" என்பார், அம்மா "வீட்ல தாங்க முடியல" என்பார், இரண்டும் உண்மைதான். பெண் பிள்ளைகளில் பலர் இப்படி மறைப்பதால்தான் அவர்களுக்கு ஆட்டிசம் இருப்பதே தாமதமாகத் தெரியவருகிறது.

கற்றுத்தர வேண்டியவை வேறு. உதவி கேட்பது. 'வேண்டாம்' என்று சொல்வது. களைத்தால் இடைவெளி கேட்பது. அடித்தால், தொடக் கூடாத இடத்தில் தொட்டால், யாரிடம் போய்ச் சொல்வது. விளையாட்டில் எப்படிச் சேர்வது, தோற்றால் என்ன செய்யலாம். இதெல்லாம் பிள்ளையின் சொந்தப் பாதுகாப்புக்கும் சந்தோஷத்துக்கும் பயன்படுபவை. பேச்சு வராத பிள்ளைக்கு இதே விஷயங்களைப் படத்தாலோ அட்டையாலோ டேப்லெட்டாலோ சொல்ல வழி வேண்டும். சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்ற செயலி அப்படிப்பட்டதுதான், படத்தைத் தொட்டால் அது குரலாகப் பேசும், தமிழிலும் பேசும். படம் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

## சமூகக் கதை: ஒரு மாதிரி

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. பிள்ளைக்குக் குழப்பமான ஒரு சூழ்நிலையை எடுத்து, அங்கே என்ன நடக்கும், ஏன் நடக்கும், தான் என்ன செய்யலாம் என்பதை அந்தப் பிள்ளையே சொல்வது போல எளிய வாக்கியங்களில் எழுதுவது. எழுதாத விதியை எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். சத்துணவு வரிசையில் நிற்கத் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு இப்படி எழுதலாம்:

"மதியம் மணி அடித்தால் சாப்பாட்டு நேரம். என் தட்டை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போவேன். அங்கே எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். சில நாள் வரிசை நீளமாக இருக்கும், சத்தமும் இருக்கும். எல்லாருக்கும் சாப்பாடு இருக்கிறது, அதனால் காத்திருந்தாலும் எனக்குக் கிடைக்கும். முன்னால் நிற்பவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம் விடலாம். சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்ளலாம். மஞ்சள் அட்டையை டீச்சரிடம் காட்டினால் ஓரமாகப் போய் நிற்கலாம். முட்டை பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லலாம்."

இதில் 'தள்ளாதே', 'கத்தாதே' என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைப் பாருங்கள். கட்டளைப் பட்டியல் எழுதிவிட்டு அதற்குச் சமூகக் கதை என்று பெயர் வைப்பவர்கள் நிறைய. விவரிப்பதுதான் அதிகம் இருக்க வேண்டும். சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் தள்ளும் பிள்ளைக்கு 'எல்லாருக்கும் இருக்கிறது' என்ற ஒரு வரிதான் மருந்து. அது தெரிய வேண்டுமென்றால் எழுதும் முன்பு அந்த வரிசையில் நாமும் ஒருநாள் போய் நின்று பார்க்க வேண்டும். அப்புறம், மஞ்சள் அட்டையைக் காட்டினால் டீச்சர் உண்மையிலேயே விட வேண்டும். ஒரு தடவை "பேசாம நில்லு" என்றுவிட்டால் அதன் பிறகு அந்தக் கதையைப் பிள்ளை நம்பாது.

## வகுப்புத் தோழர்களுக்கும் பாடம்

கலிபோர்னியாவின் கோனி கசாரி குழு 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சாதாரண வகுப்புகளில் படிக்கும், ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகள். சிலருக்கு நேரடியாகப் பழகும் பயிற்சி. சிலருடைய வகுப்பில், அந்தப் பிள்ளைக்குப் பதிலாக, அதே வகுப்பு மாணவர்கள் மூன்று பேருக்குப் பயிற்சி. தோழர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடங்களில்தான் அந்தப் பிள்ளை வகுப்பின் நட்பு வட்டத்துக்குள் அதிகமாக வந்தது, மைதானத்தில் தனியாக நிற்பதும் குறைந்தது. இதைச் 'சக மாணவர் துணை' என்கிறோம்.

நம் பள்ளிகளில் இதை எப்படிச் செய்வது? நான்காம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வெல்லில் 'போய் விளையாடு' என்று விட்டால், ஐஸ் பாய், ஓடிப்பிடித்தல் எல்லாம் நிமிஷத்துக்கு ஒரு விதியாக மாறும், நடுவில் நிறுத்தித் திரும்ப ஆரம்பிப்பார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தலைகால் புரியாது. அதற்குப் பதில் கொலை கொலையா முந்திரிக்கா எடுங்கள். வட்டம் மாறாது, பாட்டு மாறாது, யாருடைய முறை என்பது கையில் துணி வைத்திருப்பவரைப் பார்த்தாலே தெரியும், பாட்டே அடுத்து என்ன என்பதைச் சொல்லிவிடும். திருத்தம் ஒன்றிரண்டு வேண்டும். துணியை முறுக்கி முதுகில் அடிப்பதை எல்லாருக்குமே நிறுத்திவிடலாம், பின்னால் சத்தமில்லாமல் போடுவதற்குப் பதில் தோளுக்குப் பக்கத்தில் காட்டிவிட்டுப் போடலாம். வட்டத்தில் அந்தப் பிள்ளையின் இடத்தை ஒரு சாக்பீஸ் கோடு போட்டு முன்பே காட்டிவிட்டால் பாதிப் பதற்றம் தீரும்.

துணையாக வரும் மூன்று நான்கு பேருக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடு. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திரு, உடனே திரும்பக் கேட்காதே. வார்த்தையோடு கையாலும் காட்டு. கையைப் பிடித்து இழுக்காதே. வரமாட்டேன் என்றால் விட்டுவிடு, நாளைக்குத் திரும்பக் கூப்பிடு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் ஒருமுறை கூப்பிட்டு வரவில்லை என்றால் 'அவனுக்குப் பிடிக்கலை' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

துணைக்கு வருபவர்களை மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் வகுப்புத் தலைவியான ஒரே சமத்துப் பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்தால், அவள் அவனுக்கு அக்காவாகவோ குட்டி டீச்சராகவோ ஆகிவிடுவாள், சிநேகிதி ஆக மாட்டாள். 'பாவம் பார்த்து விளையாடுங்க' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள். பஸ் ரூட், டைனோசர், கோலம், கால்குலேட்டர், எதுவோ ஒன்று. அதே பைத்தியம் பிடித்த இன்னொரு பிள்ளை அந்தப் பள்ளியில் எங்காவது நிச்சயம் இருக்கும், வேறு வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

## உள்ளடக்கிய கல்வி என்று எதைச் சொல்கிறோம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகை இயலாமைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது. 1995-இல் வந்த பழைய சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. உள்ளடக்கிய கல்வி என்பதற்குப் புதிய சட்டம் தரும் விளக்கம் தெளிவானது: இயலாமை உள்ள மாணவர்களும் இல்லாத மாணவர்களும் சேர்ந்து படிப்பது, அதோடு கற்பிக்கும் முறையும் அந்த மாணவர்களின் தேவைக்கு ஏற்ப மாற்றப்படுவது. இரண்டும் சேர்ந்தால்தான். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டால், பிள்ளையைப் பள்ளிக்கேற்ப மாறச் சொல்கிறோம் என்று அர்த்தம். அதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று வேறு பெயர் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அரசும் அரசு உதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாணவரின் தேவைக்கேற்ற 'நியாயமான வசதிகள்' செய்து தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நியாயமான வசதி என்றால், பள்ளிக்குத் தாங்க முடியாத சுமை இல்லாமல், அந்த ஒரு மாணவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்வது. மின்விசிறிக்குத் தள்ளி இடம், பிரார்த்தனைக் கூட்டத்தில் ஓரமாக நிற்க அனுமதி, அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக மேசையில் ஒட்டுவது, டீச்சர் லீவு என்றால் முந்தைய நாளே சொல்வது. இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசே ஆகாது.

தனியார் பள்ளிகளில் இப்போது 'ஷேடோ டீச்சர்' வைக்கச் சொல்கிறார்கள், அதாவது அந்த ஒரு பிள்ளையோடு மட்டும் நாள் முழுக்க இருக்கும் உதவியாளர். சம்பளம் பெரும்பாலும் பெற்றோர் தலையில். சில பிள்ளைகளுக்கு இந்த உதவி இல்லாமல் முடியாது, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், வகுப்புத் தோழி பென்சிலை நீட்டும்போது "மிஸ், அவனுக்குப் பென்சில் வேணுமாமா?" என்று ஷேடோ டீச்சரிடம் கேட்கிறாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அவனிடம் கேட்கவில்லை. வகுப்பாசிரியரும் அவனை அவருடைய மாணவனாக நினைப்பதை மெல்ல விட்டுவிடுவார். நல்ல ஷேடோ டீச்சர் என்பவர் "அவன்கிட்டயே கேளும்மா" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகரத் தெரிந்தவர்.

இந்தப் பகுதியின் சாரம்: சேர்த்துக்கொள்வது பள்ளியின் கடமை, மாறுவதும் பள்ளியின் வேலை, உதவிக்கு வைத்த ஆளே நடுவில் சுவராகிவிடக் கூடாது.

## யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் அவர்களைக் கேட்கலாம். அவர்கள் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் வரும் நாளில் பிள்ளையை மட்டும் தனியே கூட்டிப் போய் எழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு பகுதியை வகுப்பாசிரியரோடும், இடைவேளையில் மைதானத்திலும் செலவிடச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை இயலாமை உடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடும் ஆலோசனையும் கிடைக்கும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்து வைத்துவிடுங்கள். 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்று பயந்து தள்ளிப் போடும் பெற்றோரின் மனது எனக்குப் புரிகிறது, ஆனால் காகிதம் இல்லாவிட்டாலும் வேறு முத்திரை விழத்தான் செய்கிறது, திமிர் பிடித்தவன், மக்கு என்று. காகிதம் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்டு வாங்க முடியும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி மூலம் விண்ணப்பிப்பது நல்லது. தேர்வு மையம் வேறு பள்ளியில் என்றால், தேர்வுக்கு முன் ஒருநாள் பிள்ளையை அங்கே கூட்டிப் போய் வாசல், படிக்கட்டு, கழிவறை, உட்காரப்போகும் அறை எல்லாவற்றையும் காட்டிவிட்டு வாருங்கள், மணி எப்படி அடிக்கும் என்பதையும் கேட்க வைத்துவிடுங்கள்.